பிறப்பு எடை

மூன்று கூடாரங்கள் எடுத்துப் போட்டான்.
நாற்பத்தொன்பது ரியால் கூடாரத்தை
மடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.
ஒன்றேகால் கிலோ.
கையில் இருப்பதே தெரியவில்லை,
மாதக் கடைசியில் சம்பளம் மாதிரி.

பதினோரு ரியால் கூடாரம் நான்கு கிலோவுக்கு மேல்.
கடற்கரையில் கறி சுடப் போகிறவர்கள்
வண்டிக்குப் பின்னால் எறிந்து எடுத்துப் போவது.
நமக்கு வண்டி இல்லை என்றாள் ஜெசிந்தா,
முதுகுதான் இருக்கிறது,
அதுவும் பன்னிரண்டு மணி நேரம் நின்ற முதுகு.

நடுவில் ஒன்று.
பச்சை என்றும் சாம்பல் என்றும் சொல்ல முடியாத நிறம்.
அட்டையில்: இருவர். 1.9 கிலோ.
மழை தாங்கும் அளவு மூவாயிரம்.
இருபத்து மூன்று ரியால்.

கடைப்பையன் தாதுல்லா
மூவாயிரத்தை இரண்டு முறை சொன்னான்.
நிஸ்வாவில் மழையா என்று கேட்டதற்கு
மேலே பார்த்தான், கடையின் கூரையை.
"சரி, மழையை விடுங்கள். காற்றைக் கேளுங்கள்.
கம்பி அலுமினியமா ஃபைபரா, அதைக் கேளுங்கள்.
ஜெபல் ஷம்ஸில் தரை முழுக்கப் பாறை,
ஆணி இறங்காது.
தானாக நிற்குமா என்று கேளுங்கள்."
கேட்டோம்.
நிற்கும் என்றான்.
கொஞ்சம் யோசித்து,
நான்கு மூலையிலும் கல் வைத்தால், என்றான்.

இருபத்தொன்றுக்குப் படிந்தது.
என் பங்கு பத்தரை.
ரூபாயாக்கிப் பார்க்காதே என்று
என் கைப்பேசியைப் பிடுங்கிக் கவிழ்த்தாள் ஜெசிந்தா.
அதற்குள் மனசு பெருக்கி முடித்திருந்தது.

அன்று இரவுப் பணி.
மூன்று மணிக்கு, பிரசவ வார்டு ஓய்ந்த பிறகு
பச்சிளங்குழந்தைகளின் தராசில்
துணி விரித்து, பூஜ்யமாக்கி,
கூடாரத்தைப் படுக்கவைத்தேன்.

2.340.

அட்டை பொய் சொல்லியிருக்கிறது,
அல்லது ஆணியையும் கயிற்றையும் உறையையும்
கூடாரத்தில் சேர்த்தி என்று
அவர்கள் நினைக்கவில்லை.
இரண்டரைக்குக் கீழே வந்தால்
சிவப்பு மையில் வட்டமிடுவோம்,
தாயிடம் என்ன சொல்வது என்று யோசிப்போம்.
ஒன்பது ஆண்டில் முதல்முறையாக
இன்னும் கொஞ்சம் குறையக் கூடாதா என்று
அந்தத் தராசை வேண்டி நின்றேன்.

இரத்தக் குப்பிகள் வாங்க
லேபிலிருந்து வந்த ஜெசிந்தா
பையைப் பிரித்துப் பாகம் போட்டாள்.
துணி இரண்டும் எனக்கு: 1.310.
கம்பி, ஆணி, கயிறு, உறை அவளுக்கு: 1.030.
இரட்டையரில் ஒன்று இளைத்துத்தான் பிறக்கும்.
இருநூற்றெண்பது கிராமுக்கு ஈடாக
பேரீச்சம்பழம் அவள் சுமப்பதாகப் பேச்சு.
இதற்கு முன் யாரோடும்
நான் இவ்வளவு துல்லியமாகப் பாரம் பிரித்ததில்லை.

இருவர் என்று எழுதியவன்
எந்த இருவரை மனதில் வைத்து எழுதினான்?
தலைச்சுற்றளவு எடுக்கும் நாடாவை
நகர்த்தி நகர்த்தி அளந்தேன்.
அகலம் நூற்றிருபத்தைந்து.
ஆளுக்கு அறுபத்திரண்டரை.
விடுதியில் என் கட்டில் எண்பது,
ஆனால் அந்த அறையில் நான்கு கட்டில்,
நான்கு அலாரம்,
நான்கு பேர் வீட்டுக்கு வீடியோவில் அழும் நேரம்.

எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டோம்,
ஒன்றை விட்டுவிட்டோம்.
எங்கள் இருவர் விடுமுறையும் ஒன்றாய் விழும் நாள்
பட்டியலில் பிப்ரவரி பதினொன்று வரை இல்லை.

ஆகவே டிசம்பரில் ஒரு வியாழன் இரவு
விடுதியின் மொட்டைமாடியில்,
தண்ணீர்த் தொட்டிக்கும் ஏசி எந்திரங்களுக்கும் நடுவே
அதை நிறுத்தினோம்.
கல் கிடைக்கவில்லை.
மூலைக்கொன்றாக ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்.
ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது.
என் தோள் அவள் முழங்கையில்.
நான்காவது நிமிடம் அவள் குறட்டை.

விடியலில் தரை காய்ந்து கிடந்தது,
தொட்டி காய்ந்து கிடந்தது.
கூடாரத்துக்கு உள்ளே மட்டும்
கூரை முழுக்கத் துளிகள்,
இரண்டு பேர் இரவெல்லாம் விட்ட மூச்சு.
மூவாயிரம் என்றவனிடம் சொல்ல வேண்டும்,
இங்கே உள்ளிருந்து பெய்கிறது என்று.

ஜெசிந்தா படுத்தபடியே
விரலால் ஒரு கோடு வழித்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"எத்தனை மில்லி இருக்கும்?" என்றாள்.